சூட்டைத் தணிக்க எவ்வளவு செலவு செய்யணும்? கம்ப்யூட்டர் குளிர்விப்பின் ஒரு சின்ன வரலாறு

கம்ப்யூட்டருக்குள் போகிற மின்சாரம் எல்லாம் கடைசியில் என்ன ஆகிறது? கணக்குப் போடுது, படம் காட்டுது, பாட்டுப் பாடுதுன்னு சொல்லலாம். இயற்பியல்படி பார்த்தால் பதில் ஒன்றுதான். கிட்டத்தட்ட அத்தனையும் சூடாக மாறுகிறது. பம்ப் செட் ஓடினால் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறியிருக்கும். ப்ராசஸர் அப்படி எதையும் தூக்கி வைப்பதில்லை. 65 வாட் வாங்கினால் 65 வாட்டையும் வெப்பமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தச் சூட்டை யாராவது வெளியே கொண்டுபோய்க் கொட்டியாகணும். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

"டெஸ்க்டாப் ரொம்ப சூடாகுது, எந்த கூலர் வாங்கலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போது, பெரும்பாலும் மனசுக்குள் ஒரு விடையோடுதான் கேட்கிறார்கள். லிக்விட் கூலிங் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது அந்த விடை. விலை அதிகமாக இருப்பது நல்லதாகத்தான் இருக்கும், தண்ணீர் காற்றைவிட உசத்தியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம். கொஞ்ச நாளாக இதன் வரலாற்றைத் தோண்டிப் படித்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. கம்ப்யூட்டர் வரலாற்றில் குறைந்தது மூன்று தடவை வெப்பம் எல்லை மீறியிருக்கிறது. மூன்று தடவையும் விலை உயர்ந்த கூலர் அதைத் தீர்த்து வைக்கவில்லை. சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைத்துத்தான் தீர்த்தார்கள். அதைத் தெரிந்துகொண்டால் இன்றைக்குக் கடைக்குப் போகிற உங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

எனியாக்: ஊதுகாற்றும் ஒரு சிக்கன யோசனையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட எனியாக், 1946 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிமுகமானது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். சுமார் 150 கிலோவாட் மின்சாரம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு இழை சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டே இருக்கும். பழைய வால்வு ரேடியோவைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு நினைவிருக்கும். அதை 18,000 மடங்காக்கி ஒரே அறையில் வைத்தால் எப்படி இருக்கும்?

அவர்கள் செய்த முதல் வேலை நாமும் யோசிக்கக்கூடியதுதான். பெரிய ஊதுவிசிறிகளை வைத்து அலமாரிகள் வழியாகக் காற்றைத் தள்ளினார்கள். இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. தலைமைப் பொறியாளர் ப்ரெஸ்பர் எக்கர்ட், குழாய்களைத் தயாரிப்பாளர் சொன்ன அளவைவிட நன்றாகக் குறைந்த மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்திலும் ஓட்டினார். முழுத் திறனில் ஓட்டினால் எந்த நேரமும் ஏதாவது ஒன்று செத்துக்கொண்டே இருக்கும்; கணக்கு ஒருபோதும் முடியாது. அடக்கி ஓட்டியதால் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒரு குழாய்தான் போனது என்று பின்னாளில் எக்கர்ட் சொன்னார். 18,000 குழாய் உள்ள எந்திரத்துக்கு அது ஆச்சரியமான எண்.

எக்கர்ட்டின் முதல் நோக்கம் குழாய்களின் ஆயுள்தான். ஆனாலும் இன்றைக்கு இளைஞர்கள் "அண்டர்வோல்ட்" என்று சொல்லும் வேலையின் பாட்டன் இதுதான். கம்ப்யூட்டரின் பிறப்பிலேயே இது இருந்தது, பைசா செலவில்லாமல்.

வெற்றிடக் குழாயின் சூட்டை எந்த விசிறியும் நிரந்தரமாகத் தீர்க்கவில்லை. 1950களின் கடைசியில் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர்கள் வந்தன. சிவக்க எரியும் இழையே இல்லை. பிரச்சினை மொத்தமாகச் சுருங்கிவிட்டது. முதல் தடவை தீர்ந்த விதம் இது.

தண்ணீர், ஃப்ரியான், ஹீலியம்

டிரான்சிஸ்டர் வந்ததும் எல்லாரும் அதை நெருக்கி நெருக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் வேகம் வேண்டுமென்றால் பைபோலார் வகைச் சில்லுகள்தான். அவற்றில் ஒரு குணம் உண்டு. வேலை செய்தாலும் சும்மா இருந்தாலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

1976-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போன முதல் க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டர் சுமார் 115 கிலோவாட் மின்சாரம் எடுத்தது. நம் ஃப்ரிட்ஜில் இருந்த அதே வகை ஃப்ரியான், அதன் செங்குத்துச் சட்டங்களுக்குள் ஓடியது. மின்சுற்றுப் பலகைகளின் சூட்டைச் செப்புத் தகடுகள் அந்தச் சட்டங்களுக்குக் கடத்தின. சுற்றிலும் திண்ணை போட்டதுபோல் மெத்தை இருக்கும். அதற்கு அடியில் மின்வழங்கிகள். 1985-ல் வந்த க்ரே-2 இன்னும் ஒரு படி மேலே போனது. மின்சுற்றுகளை அப்படியே ஃப்ளூரினெர்ட் என்ற மின்கடத்தாத் திரவத்தில் மூழ்க வைத்துவிட்டார்கள். அதற்கு "குமிழ்கள்" என்று செல்லப்பெயர்கூட இருந்தது.

ஐபிஎம் கதை இன்னும் சுவாரஸ்யம். 1980-ல் அறிவித்த 3081 எந்திரத்தில் ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்ப்ரிங் வைத்த ஒரு சின்ன உலோகப் பிஸ்டன் அழுத்தி உட்கார்ந்திருக்கும். இடைவெளியில் காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயு, ஏனென்றால் அது காற்றைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். பிஸ்டன்களுக்கு மேலே தண்ணீர் ஓடும் தகடு. ஒரு பெட்டிக்குள் சுமார் நூறு சில்லுகள். பொறியியல் என்ற வகையில் கைகூப்பத் தோன்றும். ஆனால் அதை வைத்துக்கொள்ள தண்ணீர்க் குழாய், குளிர்விப்பு எந்திரம், தனி அறை, பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும்.

அப்புறம் என்ன ஆச்சு? 1994-ல் ஐபிஎம் தன் மெயின்ஃப்ரேம்களில் சீமாஸ் வகைச் சில்லுகளைக் கொண்டுவந்தது. சீமாஸ் சும்மா இருக்கும்போது கிட்டத்தட்ட மின்சாரமே எடுக்காது. நிலை மாறும் அந்தக் கணத்தில்தான் எடுக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு ப்ராசஸரும் பழைய பைபோலாரைவிட வேகம் குறைவுதான். ஆனால் வெறும் காற்றே போதும். தண்ணீர்க் குழாய்கள் கழற்றப்பட்டன. இரண்டாவது தடவையும் அதே முடிவு. உலகத்தின் மிகச் சிறந்த குளிர்விப்பு, குறைவாகச் சூடாகும் ஒரு சில்லிடம் தோற்றுப்போனது.

ஃபேன் வேண்டாம் என்ற ஆசை

பெரிய எந்திரங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மேஜை மேல் வைக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 8088 ப்ராசஸர். அதன் தலையில் ஹீட் சிங்க்கூடக் கிடையாது. மொத்த எந்திரத்துக்குமே 63.5 வாட் மின்வழங்கிதான். அதற்குள் இருந்த ஒரே ஃபேன் எல்லாருக்குமாகச் சுற்றியது.

அதையும் வேண்டாம் என்றவர் ஸ்டீவ் ஜாப்ஸ். ஃபேன் சத்தம் அவருக்குப் பிடிக்காது. ஆப்பிள் டூ ஃபேன் இல்லாமலே ஓடியதற்குக் காரணம் ராட் ஹோல்ட் வடிவமைத்த, குறைவாகச் சூடாகும் மின்வழங்கி. அதாவது அங்கே சூட்டை உண்டாக்கும் இடத்திலேயே குறைத்திருந்தார்கள். 1980-ல் வந்த ஆப்பிள் த்ரீயிலும் ஃபேன் கிடையாது. கனமான அலுமினிய வார்ப்பு உடலே ஹீட் சிங்க். ஆனால் உள்ளே பாகங்கள் நெருக்கமாக இருந்தன. சில்லுகள் சாக்கெட்டிலிருந்து தளர்ந்தன. எந்திரத்தைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் சில்லுகள் திரும்பச் சரியாக உட்காரும் என்று ஆப்பிளே யோசனை சொன்னதாக ஒரு பிரபலமான கதை உண்டு. காரணம் முழுக்க வெப்பமா, பலகை வடிவமைப்பா, சாக்கெட்டா என்பதில் அதில் வேலை பார்த்தவர்களே ஒத்துப்போவதில்லை. எப்படியோ, அந்த எந்திரம் 1984-ல் நிறுத்தப்பட்டது.

அதே 1984-ல் வந்த முதல் மெகின்டாஷும் ஃபேன் இல்லாததுதான். மின்வழங்கிப் பகுதி சூடாகி அவதிப்பட்டவர்களுக்காக வெளியார் தனி ஃபேன்கள் விற்றார்கள். மெகின்டாஷ் தலையில் வைக்க அட்டையால் செய்த ஒரு புகைபோக்கிகூட விற்பனைக்கு வந்தது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அதில் தத்துவம் சரியானது. சூடான காற்று தானாக மேலே போகும். போவதற்கு ஒரு வழி கொடுத்தால் கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர் அரிசி ஆலைகளின் புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். 1987-ல் வந்த மெகின்டாஷ் எஸ்ஈ மாடலில் ஆப்பிளே ஃபேன் வைத்துவிட்டது.

66 மெகாஹெர்ட்ஸில் ஆரம்பித்த ஓட்டம்

மேஜைக் கம்ப்யூட்டருக்குச் சூடு உண்மையான பிரச்சினையானது 1990களில். 486 டிஎக்ஸ்2 காலத்தில் ப்ராசஸர் மேல் சின்ன ஹீட் சிங்க் வர ஆரம்பித்தது. 1993-ல் பென்டியம் வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் மாடல் அதிகபட்சம் 16 வாட் வரை எடுத்தது. அன்றைக்கு அது பயமுறுத்தும் எண். ஹீட் சிங்க்கும் அதன் மேல் குட்டி ஃபேனும் சகஜமாயின.

ஏன் உடனே எல்லாம் எரிந்துபோகவில்லை? இங்கேதான் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டைச் சொல்லணும். அவரும் சக ஆய்வாளர்களும் 1974-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வரும் சூடு மாறாது. சீமாஸ் சில்லின் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்வாசி. முதல் பென்டியம் 5 வோல்ட். அடுத்த வருஷம் வந்தவை 3.3 வோல்ட். பத்து வருஷத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழே வந்தாச்சு. வேகம் ஏற ஏற மின்னழுத்தம் இறங்கி ஈடுகட்டியது.

ஆனால் இறக்கத்துக்கு ஒரு தரை உண்டு. ஒரு வோல்ட்டை நெருங்கியதும் டிரான்சிஸ்டர்கள் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசிய ஆரம்பித்தது, சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டுவதுபோல. 2001 பிப்ரவரியில் ஒரு மாநாட்டில் இன்டெலின் பேட் கெல்சிங்கர் ஒரு வரைபடம் காட்டினார். இதே போக்கில் போனால் சில்லுகளின் வெப்ப அடர்த்தி அணு உலை, ராக்கெட் முனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சூரியனின் மேற்பரப்பை எட்டிவிடும் என்பது அதன் சேதி.

அந்த 2001-ல்தான் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றிவிடுவார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. ஏஎம்டியின் ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. ப்ராசஸருக்குள்ளேயே தற்காப்பு இருக்கணும் என்பது அதற்கப்புறம் யாரும் விவாதிக்காத விஷயமாகிவிட்டது. இன்றைய ப்ராசஸர் எதுவானாலும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கு மேலும் போனால் கம்ப்யூட்டரையே நிறுத்திவிடும். "சூடாகி எரிந்துவிடுமோ" என்ற பயத்தில் செலவு செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும். நீங்கள் உண்மையில் இழப்பது வேகம்தான், அப்புறம் ஃபேன் சத்தத்தால் நிம்மதி.

2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 இந்த ஓட்டத்தின் உச்சம். வேகமான மாடல்கள் 115 வாட். இதற்காகவே இன்டெல் கேபினட்டின் உள் அமைப்பையே மாற்றி பிடிஎக்ஸ் என்று புது வடிவம் கொண்டுவந்தது. முன்னால் ஒரு பெரிய ஃபேன், நேராக ப்ராசஸர் மேல் காற்று. அந்த வடிவம் நிலைக்கவில்லை. பென்டியம் 4-இன் வாரிசாக வர இருந்த டேஹாஸ் 2004 மே மாதம் ரத்தானது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 அதே வருஷம் அக்டோபரில் கைவிடப்பட்டது. 2006-ல் வந்த கோர் 2 டுயோ வெறும் 65 வாட்டில் அதைவிட வேகமாக வேலை செய்தது. பிடிஎக்ஸ் கேபினட்டுக்குத் தேவையே இல்லாமல் போனது.

மூன்றாவது தடவை. மறுபடியும் அதே கதை.

மீன்தொட்டி மோட்டாரும் கார் ரேடியேட்டரும்

வீட்டில் தண்ணீர் வைத்துக் குளிர்விப்பது எப்படி வந்தது? ஆச்சரியமான விஷயம், அது ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையாகத்தான் பிறந்தது.

1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸுக்கு முடுக்கி ஓட்டினார்கள். அந்த ருசி பிடித்தவர்கள் மேலும் மேலும் முடுக்கினார்கள். கடையில் கிடைத்த 60 மில்லிமீட்டர் ஃபேன்களில் சில நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றின. பக்கத்தில் உட்கார முடியாத சத்தம். அதனால் அமெரிக்கா, ஐரோப்பாவில் இருந்த ஆர்வலர்கள் மீன்தொட்டி மோட்டார், பழைய காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர், பிளாஸ்டிக் ட்யூப், கையால் கடைந்த செப்புக் கட்டி எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கைவேலைதான் மூலதனம்.

பிறகு அது கடைச் சரக்கானது. 2004-ல் ஆப்பிள் தன் வேகமான பவர் மேக் ஜி5-ல் திரவக் குளிர்விப்பு வைத்தது. சில வருஷங்களில் அவற்றில் சில ஒழுகிப் பலகைகளை அரித்தன. 2009-ல் டென்மார்க்கின் ஆசடெக் தயாரிப்பில் கோர்சேர் ஹெச்50 வந்தது. மோட்டார், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் சீல் வைத்து ஒரே துண்டு. அப்படியே மாட்ட வேண்டியதுதான். இன்றைக்குக் கடையில் வண்ண விளக்கோடு மின்னுவது எல்லாம் அந்த வம்சம்.

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டருக்குப் போனதும் அங்கேயும் ஃபேன் சுற்றித்தான், அதே அறைக் காற்றில்தான் கொட்டியாகணும். நீங்கள் காசு கொடுப்பது பெரிய துடுப்புப் பரப்புக்கும் அதை வசதியான இடத்தில் வைக்கும் சுதந்திரத்துக்கும்.

விண்வெளிக்காகச் செய்த குழாய்

அந்தப் பரப்பை மோட்டார் இல்லாமலே, மலிவாகக் கொடுத்தது ஹீட் பைப். இரண்டு முனையும் மூடிய செப்புக் குழாய். உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர். உட்சுவரில் திரிபோல வேலை செய்யும் நுண்துளைப் பூச்சு. சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும், குளிர்ந்த முனையில் திரும்பத் தண்ணீராகும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரும்பிவரும். ஆவியாகும்போது அள்ளிய வெப்பத்தை அந்தப் பக்கம் போய் இறக்கிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த யோசனைக்கு 1940களில் ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் காப்புரிமை வாங்கியிருந்தார்; யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் க்ரோவர் தனியாக அதே யோசனைக்கு வந்தார், விண்கலங்களுக்கான மின்னாக்கக் கருவிகளுக்காக. அங்கிருந்து செயற்கைக்கோள், லேப்டாப் வழியாக மேஜைக் கம்ப்யூட்டருக்கு வந்துசேர்ந்தது. கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 வரிசை மாதிரியான "டவர்" கூலர்களில் இப்படி நான்கு குழாய்கள், மேலே அலுமினியத் துடுப்புகள், பக்கத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன். ஃபேன் பெரிதாக இருப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வடிவத்தில் விட்டம் இருமடங்கானால் அதே சுற்றில் எட்டு மடங்கு காற்று தள்ளும். அதனால் மெதுவாகச் சுற்றினாலே போதும். 7,000 சுற்று அலறல் அதோடு முடிந்தது.

ஒரு சின்ன கணக்கு

கூலர் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சூத்திரம் போதும். ப்ராசஸர் வெப்பநிலை = சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலை + (வாட் × கூலரின் வெப்பத்தடை). ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பதே வெப்பத்தடை.

உதாரணத்துக்கு ஒரு சாதாரண சின்ன கூலருக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் மே மாதம், அறை 35 டிகிரி. 65 வாட் ப்ராசஸர் என்றால் 39 டிகிரி ஏறி 74. பிரச்சினையே இல்லை. அதே கூலரில் 125 வாட் ஓட்டினால் 75 ஏறி 110. ப்ராசஸர் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடும். 0.25 தடையுள்ள டவர் கூலர் போட்டால் 125 வாட்டிலும் 66 டிகிரிதான்.

இந்தச் சூத்திரத்தில் இரண்டு விஷயம் கவனியுங்க. ஒன்று, சுற்றியிருக்கும் காற்று என்பது உங்கள் அறைக் காற்று இல்லை, கேபினட்டுக்குள் இருக்கும் காற்று. காற்றோட்டம் மோசமான கேபினட்டில் அது அறையைவிட 10 டிகிரி அதிகமாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்த கூலரும் அந்தப் பத்தைச் சேர்த்துத்தான் காட்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் 20 சொச்சம் டிகிரி அறையில் எடுத்த அளவுகளை நம்மோடு ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தையும் கூட்டிக்கொள்ளணும். இரண்டு, வாட்டைக் குறைத்தால் எந்தக் கூலரும் திடீரென்று நல்ல கூலராகிவிடும். எக்கர்ட் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே.

அப்போ எதை வாங்கலாம்?

வாங்குவதற்கு முன்னால் நோயைக் கண்டுபிடிக்கணும். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு, கனமான வேலை ஒன்றை ஓட விடுங்க.

ஓரிரு நொடியில் 50-லிருந்து 95-க்குத் தாவினால், பெரும்பாலும் ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தொடர்பு சரியில்லை. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், நான்கு பின்களில் ஒன்று கழன்றிருக்கலாம். பேஸ்ட் ஏன் முக்கியம்? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்பும் நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளத்தில் காற்று. காற்றின் வெப்பக் கடத்தல் எண் 0.026, சாதாரண பேஸ்ட்டுக்கு ஒன்றிலிருந்து எட்டுவரை, செம்புக்கு 400. பேஸ்ட் உலோகத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் காற்றைவிடப் பல மடங்கு மேல். அதனால்தான் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் போடணும், இட்லிக்குச் சட்னி மாதிரி ஊற்றக்கூடாது. ஐபிஎம் ஹீலியம் நிரப்பியதும் இதே காரணத்துக்காகத்தான். செலவு சில நூறு ரூபாய்.

பத்து, பதினைந்து நிமிஷத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசியும் காற்றோட்டமும். கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்க. வெப்பநிலை நன்றாக இறங்கினால் குற்றவாளி கூலர் இல்லை, கேபினட். முன்னால் உள்ளே இழுக்க ஒரு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒரு ஃபேன், சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி. பல வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜையின் அடியில் மூடிய தட்டுக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். அதை வெளியே எடுப்பதற்குச் செலவே இல்லை. தூசி ஊதும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்க. ஹீட் சிங்க் துடுப்புக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருக்கும், அதுதான் முக்கியம். ஏஎம்டியின் பழைய பின் வைத்த ப்ராசஸர்களில் கூலரை எடுக்கும்போது லேசாகத் திருகித் தளர்த்தி எடுக்கணும். நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

அடுத்தது வாட்டைக் குறைப்பது. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையை, முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே ஏஎம்டி வடிவமைத்தது. அதே வரிசையில் 65 வாட்டுக்கு இறக்கி ஓட்டும் ஈகோ மோடையும் கொடுத்தது. அதே வருஷம் வந்த இன்டெல் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட் எடுக்கும். கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் இவ்வளவும். பயாஸில் மின் வரம்பைக் குறைத்தால் வேகத்தில் சின்ன இழப்பு, சூட்டில் பெரிய இறக்கம். மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைக்க முடிந்தால், வேகத்தைத் தொடாமலே இயக்க மின்செலவு சுமார் 19 சதவீதம் குறையும். ரொம்பக் குறைத்தால் கம்ப்யூட்டர் தொங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒவ்வொரு தடவையும் சோதிக்கணும்.

இவ்வளவும் செய்த பிறகும் வேகம் குறைகிறது என்றால், அல்லது சத்தம் தாங்கவில்லை என்றால், ஒரு டவர் ஏர் கூலர் வாங்குங்க. இரண்டு மூவாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். கேபினட்டின் அகலத்தில் அது அடங்குமா, உங்கள் போர்டின் சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்று இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்க. அதில் கெட்டுப்போகக்கூடிய ஒரே பாகம் ஃபேன். சில நூறு ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். லிக்விட் கூலரில் மோட்டார் நின்றால் மொத்தமும் தூக்கிப்போட வேண்டியதுதான். 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது நியாயமான செலவு. பிரவுசரும் எக்ஸெலும் கொஞ்சம் கேமும் ஓட்டுகிறவர்களுக்கு இல்லை.

250 வாட் ப்ராசஸர்களைப் பார்க்கும்போது நாம் இப்போது நான்காவது சுற்றில் இருக்கிறோம் என்று தோன்றுகிறது. டேட்டா சென்டர்களில் தண்ணீர்க் குழாய்கள் திரும்ப வந்துவிட்டன. மூழ்க வைக்கும் திரவத் தொட்டிகளும் வந்துவிட்டன. முந்தைய மூன்று சுற்றும் எப்படி முடிந்தன என்று பார்த்தோம். இதுவும் அப்படியே முடியுமா என்பது சில்லு செய்கிறவர்களின் கவலை. நம் மேஜையில் இருப்பதைப் பொறுத்தவரை வரிசை தெளிவு: முதலில் தூசி, அடுத்து பேஸ்ட், அப்புறம் காற்றோட்டம், அப்புறம் வாட். கடைக்குப் போவது அதற்கும் அப்புறம்தான்.